பிழை வந்தால் அழைக்க வேண்டிய எண்

என் அண்ணி செய்த ஒரு பிழையால்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இதை அவரிடம் நேரிலேயே பல தடவை சொல்லியிருக்கிறேன். "அதை வெளியில சொல்லித் தொலைக்காதே" என்று சிரிப்பார். இப்போது சொல்லிவிட்டேன், என்ன செய்வாராம்?

அண்ணி இருபத்து நான்கு வருடமாக மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார். எந்தக் கம்பெனியிலும் இல்லை. அதற்கு முன் ஆறு வருடம் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தார். அங்கே தான் எழுதுவதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லையாம். அந்த எரிச்சலில் விலகியவர் இன்றுவரை தனிதான். யாராவது வீட்டுக்கு வந்து, "எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்பார்கள். "என் கம்பெனிதாங்க." "எத்தனை பேர் வேலை செய்றாங்க?" "நான் ஒருத்திதான்." உடனே கேட்டவர் முகத்தில் ஒரு இரக்கம் வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் மட்டும் ஆரம்பத்தில் என்ன யோக்கியம்? இருபது வருடத்துக்கு முன் கணவர் வீடு சரிப்பட்டு வராமல், ஒரு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாக அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். முன்னறையில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைத்தேன். அண்ணன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், விடிந்ததும் விசிலை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அண்ணி மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவர் வேலை செய்கிறாரா, கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறாரா என்று எனக்குப் புரியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் மாடிக்குக் கேட்கும்படியாகவே அண்ணனிடம், "நாள் பூரா உட்கார்ந்து என்னதான் கிழிக்கிறாங்க?" என்றேன்.

அண்ணி இறங்கி வந்தார். கோபமே இல்லை. "இன்னிக்கு அஞ்சு மணி நேரம் யோசிச்சு நாப்பது வரி அழிச்சேன். நல்ல நாள்" என்றார்.

"எழுதினதை அழிக்கிறதுக்கு ஒரு நாளா? நான் தையலைப் பிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தா எனக்கு யார் சோறு போடுவா?"

"தப்பாத் தைச்ச சட்டையை அப்படியே கொடுத்துடுவியா நீ?"

நான் மெஷினுக்கே திரும்பிவிட்டேன். நான் தோற்பது எப்போதாவது நடக்கிற விஷயம் என்பதால் அண்ணன் அதைப் பல வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அண்ணியின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் வேலை கொடுத்தாலும் முதல் மூன்று நாள் ஒரு வரி கூட எழுத மாட்டார். அவர்கள் இடத்துக்குப் போய், ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி, ஓரமாகப் போட்டு உட்கார்ந்துவிடுவார். யார் எதை எடுத்து எங்கே வைக்கிறார்கள், எந்தக் காகிதத்தின் பின்பக்கம் பேனாவால் கிறுக்குகிறார்கள், எப்போது முணுமுணுக்கிறார்கள், இதுதான் கவனம். மரக்கடையில் இவரை உளவு பார்க்க வந்தவர் என்று நினைத்துத் தொழிலாளிகள் ஒரு நாள் முழுக்க மூச்சு விடவில்லை. பஸ் கம்பெனியில் நேரக்காப்பாளர் ஸ்டூலையே ஒளித்து வைத்துவிட்டார். அண்ணி மூன்று நாளும் நின்றுகொண்டே பார்த்தார். "அவங்க சொல்றதை மட்டும் கேட்டு எழுதினா, சொன்னது கிடைக்கும். பார்த்து எழுதினாத்தான் வேணுங்கிறது கிடைக்கும்" என்பார். சும்மா சொல்லக் கூடாது, அந்த மரக்கடை புரோகிராம் பதினேழு வருடம் ஓடியது.

இப்போது அந்தப் பிழைக்கு வருகிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஓர் ஆஸ்பத்திரிக்கு அண்ணி புரோகிராம் எழுதினார். நோயாளி வந்ததும் பதிவு செய்வது, லேப் முடிவு, மருந்து, எல்லாம் அதில்தான். ஏதாவது தப்பானால் திரையில் ஒரு பெட்டி வரும்: 'பிழை ஏற்பட்டுள்ளது. அழைக்கவும்.' அதற்குக் கீழே ஒரு போன் நம்பர். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு நம்பர் அங்கே வரவேண்டும். அது இன்னும் முடிவாகாததால், அப்போதைக்கு இருக்கட்டும் என்று எங்கள் வீட்டு நம்பரை அடித்து வைத்தார். அப்புறம் மாற்ற மறந்தே போனார்.

முதல் நாள் காலையில் போன் அடித்தது. அண்ணி எடுத்தார். ரிசப்ஷனிலிருந்து ஒரு பெண் படபடவென்று பிரச்சினையைச் சொல்லி முடித்தாள். அண்ணியிடமிருந்து சத்தமே இல்லை. "ஹலோ? ஹலோ? லைன் கட்டாயிடுச்சா?" அண்ணி யோசித்துக்கொண்டிருக்கிறார்! நேரில் என்றால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். போனில் எப்படித் தெரியும்? அவள் வைத்துவிட்டு மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. மெஷினை விட்டு எழுந்து ரிசீவரைப் பிடுங்கினேன். "லைன்ல இருங்க, யோசிக்கிறாங்க. அதுக்குள்ள நீங்க அந்தப் பெட்டியில கடைசி வரி என்ன இருக்குன்னு படிங்க" என்றேன். அன்று பிடித்த ரிசீவர், இன்றுவரை விடவில்லை.

ஒரு மாதம் கழித்து நம்பரை மாற்றித் தருவதாக அண்ணி சொன்னபோது ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். "வேண்டாங்க, இதுலதான் ஒரு மனுஷி எடுக்கிறாங்க" என்றார்களாம். அந்த ஒரு சொல்லுக்காக நான் இரண்டு நாள் தரையில் கால் படாமல் நடந்தேன். அதன் பிறகு அண்ணி எழுதிய எல்லா புரோகிராமிலும் அதே நம்பர்தான். எந்த அழைப்பு வந்தாலும் அளவு எழுதுகிற நோட்டில் குறித்து வைப்பேன். தேதி, யார், என்ன தவறு, எப்படிச் சரியானது. ஆறு நோட்டு நிறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பெயர் 'போன் அக்கா'.

ஆனால் அந்த நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் அண்ணிக்குத் தெரியாத ஒன்று இருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம். அண்ணி பஸ்ஸில் எங்கோ போய்க்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலிருந்து போன். "அக்கா, விபத்துல ரெண்டு பேரைக் கொண்டு வந்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் நினைவில்ல. யாருன்னே தெரியல. ஒருத்தருக்குப் 'பெயர் தெரியாதவர்'னு போட்டேன், எடுத்துக்கிச்சு. ரெண்டாவது ஆளுக்கு அதே பெயர் இன்னிக்கு ஏற்கெனவே இருக்குன்னு மாட்டேங்குது!" அண்ணி அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மூன்று நாளில் அப்படி ஒரே நாளில் இரண்டு பேர் வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரே நூல்கண்டுப் பெட்டி திறந்திருந்தது. "ஒருத்தருக்கு நீலம்னு பேர் வையுங்க, இன்னொருத்தருக்கு மஞ்சள்னு வையுங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நர்சுகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. 'பெயர் தெரியாதவருக்கு ஊசி' என்பதைவிட 'நீலத்துக்கு ஊசி' என்றால் ஒரு மனிதரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். அதன் பிறகு அடையாளம் தெரியாமல் யார் வந்தாலும் எனக்குப் போன் வரும். "அக்கா, இன்னிக்கு என்ன கலர்?" ஏற்கெனவே படுக்கையில் இருக்கிறவருக்குக் கொடுத்த நிறத்தைத் திரும்பக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா? அதற்காக நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு பட்டியல். பெயர் தெரிந்ததும் போன் செய்வார்கள், நான் கோடு போட்டு அடித்துவிடுவேன். அடிக்காமல் நின்றுபோன நிறங்களும் உண்டு. அந்தப் பக்கம் வந்தால் வேகமாகத் திருப்பிவிடுவேன்.

அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை? பயம். அவர் புரோகிராமில் அவரைக் கேட்காமல் கை வைத்ததாக எனக்குத் தோன்றியது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அவர் தானாகப் பார்த்துவிடவும் வழியில்லை. நோயாளிகளின் பெயர்களை அவர் திறந்து பார்க்கவே மாட்டார். "அது என் கண்ணுக்கு உரியது இல்லை" என்பார்.

இப்படியிருக்க, இந்த வருட ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிய இயக்குநர் வந்திருக்கிறார், ஒரு பெரிய கம்பெனியின் புரோகிராமுக்கு மாறப் போகிறார்கள், எல்லாவற்றையும் ஒப்படைக்கவும். அவ்வளவுதான். மரக்கடையை அதற்குள் மூடிவிட்டார்கள், பஸ் கம்பெனி கைமாறிவிட்டது. அண்ணியிடம் மிச்சம் இருந்த ஒரே பெரிய வேலை ஆஸ்பத்திரிதான். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார். "ஐம்பத்தொண்ணு ஆச்சு. ஒழுங்கா ஒப்படைச்சுட்டு, கடையை மூடிடலாம்" என்றார்.

"அப்ப இந்தப் போனும் எதுக்கு? எல்லார் கையிலயும் செல்போன் இருக்கு" என்றார் அண்ணன். மறுநாளே இணைப்பைத் துண்டிக்கிற படிவத்தை வாங்கி வந்து டீவிக்கு மேல் வைத்தார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் சில நேரம் அவருடைய விசிலை எடுத்து அவர் வாயிலேயே அடைக்கலாம் போலிருக்கும். அந்தப் போன் போனால் அண்ணியின் தொழில் முடிந்தது. என்னை இந்த உலகத்தில் யாராவது தேடிக் கூப்பிட இருந்த ஒரே காரணமும் முடிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை காலை மாற்றம். வியாழக்கிழமை ஒப்படைப்புக் கூட்டம். அண்ணி என்னையும் கிளம்பச் சொன்னார். "உன் நோட்டையும் கொடுத்துடணும். புரோகிராமை மட்டும் கொடுத்தா பாதி கொடுத்த மாதிரி" என்றார். ஆறு நோட்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன். ரிசப்ஷனில் நான் வாயைத் திறந்து மாடிக்கு வழி கேட்டதுதான் தாமதம், உள்ளே இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். "ஐயோ, போன் அக்காவா நீங்க? குரலை வச்சு உயரமா இருப்பீங்கன்னு நினைச்சேன்!" நான்கு பேர் கூடிவிட்டார்கள்.

மூன்றாம் மாடியில் நீள மேஜை. ஒரு பக்கம் இயக்குநர்; அவர் வெடுக்கென்று பேசுகிற ஒரு டாக்டரம்மா. எதிரே புதுக் கம்பெனியிலிருந்து ஒரு தாடிக்காரர். மரியாதையான ஆள்தான். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பழைய தகவலை எல்லாம் எங்க சிஸ்டத்துக்குக் கொண்டு வந்தாச்சு டாக்டர். சுத்தமும் பண்ணிட்டோம். சும்மா சோதனைக்காகப் போட்ட பதிவுகளே இருநூத்திப் பதினொண்ணு இருந்துச்சு. நீலம், பச்சை, ஊதான்னு யாரோ விளையாடியிருக்காங்க. மேடத்துக்கு மெயில் போட்டுக் கேட்டோம். எடுத்துடலாம்னு பதில் வந்துச்சு. எடுத்துட்டோம்."

அண்ணி தலையாட்டினார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏதாவது கற்பனைப் பெயர் போட்டுப் பழகட்டும் என்று ஒரு காலத்தில் அவரே சொல்லியிருந்தார். இதுவும் அதுதான் என்று நினைத்துவிட்டார்.

ஊதா! பத்தொன்பது நாளுக்கு முன்னால்தான் நூல்கண்டுப் பெட்டியைப் பார்த்து அந்த நிறத்தைக் கொடுத்தேன். இன்னும் கோடு போடவில்லை. அப்படியென்றால் அந்த மனிதர் இந்தக் கட்டிடத்தில்தான் எங்கோ படுத்திருக்கிறார். நான் வாயைத் திறந்தால், இத்தனை பேர் முன்னால் அண்ணியின் மூக்கு உடைபடும். கடைசி நாளில், என்னால். திறக்காவிட்டால் சனிக்கிழமை காலையில் அந்த ஆள் கம்ப்யூட்டரில் இருக்க மாட்டார்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். மெதுவாகப் பேச எனக்கு எப்போது வந்திருக்கிறது? "அது விளையாட்டு இல்ல. அவங்க எல்லாம் ஆளுங்க. பேர் தெரியாம வந்த ஆளுங்க. நான்தான் கலர் கொடுத்தேன். அண்ணிக்கு இது தெரியாது, நான் சொல்லவே இல்ல."

நோட்டைத் திருப்பி, கடைசிப் பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைத்தேன். இயக்குநர் போனை எடுத்து வார்டுக்கு அடித்தார், ஸ்பீக்கரில் போட்டார். "ஊதான்னு ஒரு பேஷண்ட் இருக்காரா?"

"இருக்காரு டாக்டர், ஏழாம் படுக்கை" என்றது நர்சின் குரல். "இன்னும் பேச்சு வரல. முதல் வாரம் போட்ட மருந்து ஒத்துக்காம மூச்சு திணறிடுச்சே, அவர்தான். அதைத் திரும்பக் கொடுத்துடக் கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல சிவப்புல போட்டு வச்சிருக்கோம்."

தாடிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி அசையவில்லை, பேசவில்லை. அவமானத்தில் உறைந்துவிட்டார் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அது எந்த மௌனம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "யோசிக்கிறாங்க. கொஞ்சம் இருங்க" என்றேன்.

கடைசியில் அண்ணி பேசினார். "தப்பு என்னோடது டாக்டர். இந்தத் தம்பியைச் சொல்லாதீங்க, அவர் கேட்டுட்டுத்தான் எடுத்தார். மூணு நாள் உட்கார்ந்து பார்க்காம எதுவும் எழுதாதேன்னு எல்லாருக்கும் சொல்றவ நான். பத்தொன்பது வருஷத்துல திரும்ப ஒரு தடவை கூட இங்க வந்து உட்காரல. பார்க்காமலே ரெண்டு வரி பதில் அனுப்பிட்டேன். சனிக்கிழமை மாத்தாதீங்க. பழையது ஓடட்டும். அதுல எல்லாரும் பத்திரமா இருக்காங்க."

இயக்குநர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். எங்களை அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அண்ணி. நான் அழுதுகொண்டே வந்தேன். மூன்று நிறுத்தம் தாண்டி, "பன்னெண்டு வருஷம் என்கிட்ட சொல்லலையே" என்றார்.

"திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் அண்ணி."

"திட்டியிருப்பேன்தான். திட்டிட்டு, அன்னிக்கே அதை புரோகிராம்ல சேர்த்திருப்பேன். எவ்வளவு நல்ல யோசனை!" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

திங்கட்கிழமை காலை போன் அடித்தது. இயக்குநர். அண்ணியிடம்தான் பேச வேண்டுமாம். மாற்றத்தை மூன்று மாதம் தள்ளி வைத்திருக்கிறாராம். புதுக் கம்பெனிக்காரர்களோடு கூட இருந்து எது எது விட்டுப்போகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆலோசகர் வேண்டுமாம், ஒரு வருடத்துக்கு. அந்தத் தாடிக்காரரே கேட்டாராம், வேறு யாரும் வேண்டாம், இவர்தான் வேண்டும் என்று. அண்ணி ரிசீவரைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் "ஹலோ? ஹலோ?" என்பது எனக்கே கேட்டது. பிடுங்கினேன். "லைன்லயே இருங்க டாக்டர், யோசிக்கிறாங்க!"

அண்ணி என்னிடமிருந்து ரிசீவரைத் திரும்ப வாங்கினார். "வர்றேன் டாக்டர். ரெண்டு ஸ்டூல் வேணும்" என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்தோம். ரிசப்ஷன், லேப், வார்டு. இரண்டாம் நாள் தாடிக்காரரும் எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். இப்போது புதுப் புரோகிராமில் அடையாளம் தெரியாதவர்களுக்கு என்று தனிப் பக்கம் உண்டு. நிறங்களின் பட்டியலுக்கு நான் நூல்கண்டுப் பெட்டியையே எடுத்துக்கொண்டு போனேன். "நீலத்துலயே ஒன்பது இருக்கே அக்கா!" என்று தாடிக்காரர் மலைத்துப்போனார். அந்த இருநூற்றுப் பதினோரு பேரும் புதிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவரையும் நானும் அண்ணியும் நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். மற்றவர்களின் பெயர்களை அண்ணி அப்போதும் பார்க்கவில்லை, நிறங்களை மட்டும் பார்த்தார்.

மாற்றத்துக்கு முந்தின நாள் ஒரு சின்னச் சண்டை. பிழைப் பெட்டியில் கம்பெனியின் நம்பர் இருந்தது. இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று இழுக்கிற நம்பர். ரிசப்ஷன் பெண்கள் ஒரே பிடியாக நின்றார்கள். கடைசியில் இயக்குநரே, "போன் அக்கா நம்பரையே போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டார். அண்ணிதான் உட்கார்ந்து அடித்தார். ஒவ்வொரு எண்ணாக, நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. "இந்தத் தடவை மறதியில போடல, தெரிஞ்சுதான் போடுறேன்" என்றார்.

புதுப் புரோகிராம் ஓட ஆரம்பித்த நாள் காலை நான் மெஷினில் ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "ஏய், போன் அடிக்குது, எடு!" என்று அண்ணன் கத்தினார். துண்டிப்புப் படிவத்தின் பின்பக்கத்தில் அவர் கபடி அணியின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பிழை ஒண்ணும் இல்ல" என்றாள் ரிசப்ஷன் பெண். அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஊதா பேசிட்டாரு! இப்பதான், நர்ஸ்கிட்ட அவர் பேரைச் சொல்லிட்டாரு. புதுசுல பேரை எப்படி மாத்தணும்?"

மாடிப்படியில் அண்ணி வந்து நின்றிருந்தார். நான் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டைத் திருப்பினேன், கடைசிப் பக்கத்தை எடுத்தேன்.

"மாத்தலாம், அவசரப்படாதே" என்றேன். "முதல்ல அவர் பேரை நிதானமா எனக்குச் சொல்லு, எழுதிக்கிறேன்."